ஓடாத வண்டியிலும் பெல்ட்டுக்கு வயசாகும்

போன வாரம் ஒரு கார்க்காரரிடமிருந்து போன். "சிக்னல்ல நின்னு கிளம்பறப்ப வண்டி அப்படியே ஆஃப் ஆயிடுச்சு. பெட்ரோல் இருக்கு, பேட்டரியும் புதுசு. சத்தத்தை நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு செல்ஃப் அடித்தார். நல்ல இன்ஜின் என்றால் 'உர்... உர்... உர்...' என்று முக்கி முக்கிச் சுற்றும். எனக்குக் கேட்டதோ தையல் மிஷின் மாதிரி ஒரே இழுப்பில் 'வ்வீ...'. "சார், சாவியைத் திருப்பாதீங்க!" என்று நான் கத்துவதற்குள் இன்னும் இரண்டு தடவை அடித்துவிட்டார்.

வண்டிக்கு 12 வயசு. ஓடியது 41,000 கிலோமீட்டர். கவரைக் கழற்றிப் பார்த்தால் டைமிங் பெல்ட் (இன்ஜினுக்குள் கிராங்க்கையும் கேமையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்) அறுந்துகூடப் போகவில்லை. ஒரு விரல் நீளத்துக்குப் பல் மொத்தமும் உதிர்ந்து, கீழே கருப்புத் தூளாகக் கிடந்தது. அது போதுமே. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு சுற்றுகிறது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு நின்றுவிட்டது. திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் வந்து முட்டும். வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டை இறக்கினோம். 16 வால்வில் 6 வளைந்திருந்தன. பிஸ்டன் தலைகளில் பிறை பிறையாக அடிபட்ட தழும்பு.

"41,000 தானே ஓடியிருக்கு? லட்சம் ஓடினாத்தான் மாத்தணும்னாங்களே!" என்றார். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மேனுவலை எடுத்துப் பாருங்கள். டைமிங் பெல்ட்டுக்கு இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள்: இத்தனை கிலோமீட்டர், அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. பழைய வண்டிகள் பலவற்றுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர், 5 முதல் 7 ஆண்டு. சிலவற்றுக்கு இன்னும் கூடுதலாக உண்டு. உங்கள் வண்டிக்கு எது என்பதை மேனுவல்தான் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. ஆனால் எல்லோரும் முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள், இரண்டாவது எண் கண்ணிலேயே படுவதில்லை.

பெல்ட் ரப்பர். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. இன்ஜின் சூட்டில் காய்ந்து, ஆறி, மறுபடி காய்ந்து இறுகிப்போகும். வண்டி மாதக்கணக்கில் நின்றாலும் பெல்ட் சும்மா இல்லை, அதே புல்லிகளில் அதே மடிப்பில் விறைப்பாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஏசி போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிடுகிறீர்களே, அந்த அரைமணியும் பெல்ட் சுற்றுகிறது. ஓடோமீட்டரில் ஒரு மீட்டர்கூட ஏறாது. வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் நாலு டயரையும் மாற்றியிருக்கிறார். ஏன் என்றேன். "ஓடலைன்னாலும் வருஷமாச்சே, வெடிப்பு விட்டிருந்தது" என்றார். டயருக்குத் தெரிந்த நியாயம் பெல்ட்டுக்கு ஏன் தெரியவில்லை? வெடிப்பு வெளியே தெரிந்தால்தான் வயசா?

அடுத்தது, "சத்தம் வந்தா மாத்திக்கலாம்." கீச்சென்று கத்துவது வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட். டைமிங் பெல்ட்டுக்குப் பல் இருக்கிறது, அது வழுக்கிக் கத்தாது. அந்தப் பக்கம் ஏதாவது உறுமினால் பெரும்பாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் அல்லது வாட்டர் பம்ப். அதையும் சும்மா விடாதீர்கள். "கவரைத் திறந்து பார்த்தேன், புதுசு மாதிரி இருக்கு" என்பவர்களுக்கும் சொல்கிறேன்: பலம் எல்லாம் ரப்பருக்குள் ஓடும் நார் இழையில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது.

சில இன்ஜின்களில் பெல்ட் போனால் வால்வும் பிஸ்டனும் முட்டாது, வண்டி நிற்பதோடு சரி. ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் நிற்கும், ஸ்டீயரிங் கல்லாகும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்கு மேல் இறுகிவிடும். சில வண்டிகளில் பெல்ட்டே கிடையாது, செயின். ஒரே மாடலில் பெட்ரோலுக்குச் செயினும் டீசலுக்குப் பெல்ட்டும் இருப்பது உண்டு, ஆகவே உங்கள் இன்ஜினைச் சொல்லிக் கேளுங்கள். ஆயிலில் நனைந்தபடியே ஓடும் பெல்ட்டும் இருக்கிறது. அதற்குச் சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றினால் ரப்பர் உரிந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைத்துவிடும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? "மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தை செல்லாது. தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, முதல் வேலையாக மாற்றுங்கள்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்லி வாதாடாதீர்கள், தயவுசெய்து. டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி சேர்த்துத்தான். வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட் சுற்றுகிறது என்றால் அதையும். நாலு மாதத்தில் பம்ப் ஒழுகினால் இதே கவரை மறுபடி கழற்றி, இதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். கேம் சீல், கிராங்க் சீலில் ஆயில் கசிந்தால் அதையும் அப்போதே முடித்துவிட வேண்டும். ஆயில் பட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெடும்.

தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. கிராங்க், கேம் புல்லிகளில் இருக்கும் மார்க்கைச் சேர்த்து பெல்ட்டைப் போட்டதும் செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றி, மார்க் திரும்பச் சேருகிறதா பாருங்கள். ஆரம்ப காலத்தில் நானே ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகி நடுங்கிக்கொண்டே ஓடியது. என் குரு ஒன்றும் சொல்லவில்லை, ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வேலை முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வழியில் இன்ஜின் பட்டென்று நின்று, செல்ஃப் லேசாகச் சுற்றினால் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி அடித்தால் தப்பிய வால்வும் தப்பாது. போனில் அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைக்கவும் வேண்டாம். "ஓட்டத்துல நின்னுடுச்சு" என்று சொன்னால் போதும், ஏற்றிக்கொண்டு வர ஆள் அனுப்புகிறேன்.