மஞ்சள் கவுன் பொண்ணுக்கு அடியில இன்னொரு முகம்

வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்ல ஒரு பெயின்டிங் இருக்கு, 'வாசிக்கும் இளம்பெண்'னு பேரு, 1769 வாக்குல பிரான்ஸ்ல ஃபிராகொனார்ங்கிற ஓவியர் வரைஞ்சது. உயரம் 81 சென்டிமீட்டர்தான். பளிச்னு மஞ்சள் கவுன், தலையில ரிப்பன், முதுகுக்கு தலகாணி, ஒரு கையில குட்டி புக்கு, நம்ம பக்கம் திரும்பக்கூட இல்ல. கழுத்து ஃப்ரில்லை ஜூம் பண்ணி பாருங்க, பெயின்ட் ஈரமா இருக்கும்போதே பிரஷ்ஷோட கட்டைப் பக்கத்தால கீறிவிட்டிருக்காரு மனுஷன். அவ்ளோ ஸ்பீடு. அதே வருஷம் அவர் வரைஞ்ச இன்னொரு போர்ட்ரெய்ட் பின்னாடி, ஒரு மணி நேரத்துல வரைஞ்சதுன்னு லேபிளே இருக்கு (நான் பாதிதான் நம்புறேன்).

இந்தப் படத்துக்கு எக்ஸ்ரே எடுத்தப்போ, அந்தப் பொண்ணு தலை இருக்கிற எடத்துல வேற ஒரு தலை இருந்துச்சு, அது நேரா நம்மளையே பாக்குது.

துணில பூசின பெயின்ட்ல எக்ஸ்ரேக்கு என்ன தெரியும்னா, காரீயம் தெரியும். அந்தக் காலத்துல ஆயில் பெயின்ட்ல வெள்ளைன்னா காரீயத்துலேர்ந்து செய்யற ஈய வெள்ளைதான், முகம், கழுத்து, லேஸ் எல்லாத்துலயும் அதைத்தான் கலப்பாங்க. (நம்ம ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேற, குழப்பிக்க வேணாம்.) காரீயத்தோட ஒரு அணுவுல 82 எலக்ட்ரான், துணியிலயும் எண்ணெய்லயும் இருக்கிற கார்பன்ல வெறும் 6, அதனால எக்ஸ்ரே துணியை சும்மா தாண்டிப் போயிடும், ஈய வெள்ளை தடிப்பா இருக்கிற எடத்துல மாட்டிக்கும். ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியன் கனமா ஒரு ஏப்ரன் போட்டுட்டு நிப்பாருல்ல, அதுல காரீயம் வைக்கிறதும் இதே காரணத்துக்குத்தான். இதுல கொடுமை என்னன்னா அந்த காலத்து பணக்காரப் பொண்ணுங்க நிஜ மூஞ்சிலயும் இதே ஈய வெள்ளையைத்தான் பவுடரா அப்பிக்கிட்டாங்க, அது விஷம்.

ஆனா எக்ஸ்ரேல ஒரு தொல்லை இருக்கு. மேல் லேயர் எது கீழ் லேயர் எதுன்னு அதுக்குத் தெரியாது, எல்லாத்தையும் ஒரே நிழலா அமுக்கிக் குடுத்துடும், ரெண்டு முகமும் ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கும். அதனாலதான் மொதல்ல அடியில இருக்கிறது ஒரு ஆம்பளைன்னு நெனச்சிட்டாங்க.

அப்புறம் 2012-ல பாரிஸ்ல ஒரு ஏலத்துக்கு ஃபிராகொனாரோட பேப்பர் ஒண்ணு வந்துச்சு, 18 குட்டி ஸ்கெட்ச். அதுல ஒண்ணு அச்சு அசல் இந்தப் பொண்ணு மாதிரியே, ஆனா முகம் மட்டும் நம்ம பக்கம். உடனே கேலரி ஆளுங்க புது மெஷினோட படத்தை மறுபடி ஆராய்ஞ்சாங்க. ஒண்ணு ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா: கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியை நூத்துக்கணக்கான துண்டாப் பிரிச்சு படம் எடுக்கும். அந்த ஒளில பல கலர் பாதி கண்ணாடி மாதிரி ஆயிடும், உள்ளாற இருக்கிறது எட்டிப் பாக்கும்.

இன்னொண்ணு எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ், எனக்குப் புடிச்சது இதுதான். மெல்லிசா ஒரு எக்ஸ்ரே பீம் போய் அணுவோட உள்வட்டத்து எலக்ட்ரான் ஒண்ணைத் தட்டிவிடும், காலி எடத்துக்கு வெளிவட்டத்துலேர்ந்து ஒண்ணு எறங்கும், எறங்கும்போது மிச்ச எனர்ஜியை வெளிய விடும், அந்த எனர்ஜி அளவு தனிமத்துக்குத் தனிமம் வேற வேற. அதை வெச்சு படம் முழுக்கப் புள்ளி புள்ளியா ஸ்கேன் பண்ணா, காரீயத்துக்கு ஒரு மேப், பாதரசத்துக்கு ஒரு மேப்னு தனித்தனியா வந்துடும். பாதரசம் ஏன்னா, அப்போ செவப்புக்கு வெர்மிலியன், அதாவது நம்ம சித்த வைத்தியத்துல சொல்ற சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. வெர்மிலியன் பூசின உதடும் கன்னமும் மேல வேற பெயின்ட் அப்பியிருந்தாலும் பெரும்பாலும் அந்த மேப்ல காட்டிக் குடுத்துடும்.

கடைசில அடியில இருந்தது ஆம்பளை இல்ல, கொஞ்சம் வயசான ஒரு பொம்பளை, தலையில பெரிய எறகு அலங்காரம், கலர் மணி எல்லாம் வெச்சு. புக்கும் அப்பவே கையில இருந்துச்சு, ஆனா அவங்க அதைப் பாக்கல, போஸ் குடுத்துட்டு இருந்தாங்க. ஃபிராகொனார் அந்தத் தலையை மூடி, வேற தலையை சைடுல திருப்பி வரைஞ்ச பிறகுதான் அந்த புக்கை யாரோ படிக்கிறாங்க.