சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் கிழியும்

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், பழைய மாருதி 800 ஒன்று குழியில் மெதுவாக இறங்கி ஏறுகிறது. முன்பக்கம் "டொக்" என்று கேட்டால் பலரும் முதலில் ஷாக் அப்சார்பரைத்தான் சந்தேகப்படுவார்கள். ஷாக்கை மாற்றியும் சத்தம் போகாதபோதுதான் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் இரும்புக் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர், நினைவுக்கு வரும். உள்ளங்கையில் அடங்கும் அந்த ரப்பர் உருளையைப் புதிதாகப் போட்டும் சில மாதங்களில் கிழிந்துவிட்டால், "டூப்ளிகேட் மால்" என்று கடைக்காரர்மேல் பழி விழும். பொருள் மட்டமாக இருக்கலாம்தான். ஆனால் நல்ல புஷ்ஷையும் கிழிக்கக்கூடிய ஒரு தவறு பட்டறையிலேயே நடக்கிறது.

புஷ்ஷின் அமைப்பைப் பார்த்தால் அது புரியும். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் ரப்பர். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும்போதே ரப்பர் இரண்டு குழாய்களோடும் ஒட்டிக்கொள்கிறது. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் வண்டியின் பிராக்கெட்டோடு (ஆர்மைத் தாங்கும் இரும்புப் பிடி) அசையாமல் பிடித்துக்கொள்ளும். வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து திரும்பும். கதவுக் கீல் மாதிரி இங்கே எதுவும் உரசிச் சுற்றுவதில்லை. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, மறுபடி நிமிர்கிறது. அதனால்தான் இதற்குக் கிரீஸ் வேண்டியதில்லை.

இப்போது கணக்கு. ஆர்ம் 300 மிமீ நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கியதும் சக்கரம் 80 மிமீ கீழே தொங்கினால், ஆர்ம் ஏறக்குறைய 15 டிகிரி சாய்கிறது. அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால் அதுதான் ரப்பருக்கு முறுக்கில்லாத நிலை. வண்டியைக் கீழே இறக்கிய கணத்தில் அது 15 டிகிரி முறுக்கிக்கொள்கிறது. வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதுகூட அந்த முறுக்கோடுதான் நிற்கும். ஒரு வேகத்தடையில் சக்கரம் 60 மிமீ மேலேறினால் இன்னும் 11 டிகிரி கூடி மொத்தம் 26 ஆகிவிடும். வண்டி தரையில் நிற்கும் நிலையில் இறுக்கியிருந்தால் அதே வேகத்தடையில் 11 டிகிரியோடு போயிருக்கும்.

இந்த அழுத்தம் ரப்பர் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முறுக்கு அழுத்தம் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். உள்குழாயின் ஆரம் 9 மிமீ, வெளிக்குழாயினுடையது 18 மிமீ என்றால், உள்குழாயை ஒட்டிய ரப்பரில் வெளிப்புறத்தைவிட 4 மடங்கு அழுத்தம். முறுக்கால் கிழிந்த புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் கிழிசல் உள்குழாயைச் சுற்றி வளையமாக ஓடியிருக்கும்.

வடசென்னையில் புஷ்ஷுக்கு வேறு எதிரிகளும் உண்டு. முதலாவது எண்ணெய். இயற்கை ரப்பர் டீசலையும் என்ஜின் ஆயிலையும் உறிஞ்சி ஊதிப் பஞ்சுபோல ஆகிவிடும். வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கச் சொல்வது துருவைத் தடுக்க நல்லதுதான், ரப்பருக்கு விஷம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் தேங்கியதே, அதில் நின்ற வண்டி எதுவானாலும் அதன் புஷ்களை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. பிசுபிசுப்பாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். இரண்டாவது உப்புக் காற்று. காசிமேடு, திருவொற்றியூர் கரையோரம் நிற்கும் வண்டிகளில் போல்ட்டும் உள்குழாயும் துருவால் ஒட்டி ஒன்றாகிவிடும். போல்ட்டைத் திருப்பினால் குழாயும் கூடவே திரும்பி ரப்பரைக் கிழித்துவிடும்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். சமதளத்தில் ஒருவர் வண்டியை முதல் கியரில் ஓரடி நகர்த்திப் பிரேக் போட, பிறகு ரிவர்ஸில் அதையே செய்ய, மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். சக்கரம் கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் புஷ் போய்விட்டது. மாருதி 800-இல் லோயர் ஆர்ம் ஒற்றைக் கம்பிபோல இருக்கும். அது முன்பின் போகாமல் பிடித்திருப்பது, இடது வலது ஆர்ம்களைக் குறுக்கே இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார்தான். அதன் முனைப் புஷ் தேய்ந்தாலும் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதனால் ஆர்ம் புஷ்ஷை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. பிறகு கடப்பாரையால் ஆர்மை மெல்ல நெம்பிப் பாருங்கள். மேலே தெரியும் மயிரிழை விரிசலுக்காக மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்திருந்தால், அல்லது உள்குழாய் நடுவிலிருந்து ஒரு பக்கம் சரிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுவது சரி.

தூக்குவதற்கு முன் ஒரு வேலை: வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும். ஜாக்கியை நம்பியோ ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ வண்டிக்கடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

துரு பிடித்த போல்ட்டுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவைக்கலாம், பக்கத்துப் புஷ்களில் படாமல். அப்படியும் வராவிட்டால் குழாய்க்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஹாக்ஸா பிளேடை விட்டுப் போல்ட்டை அறுத்துவிட்டுப் புதியது போடுவதே சுருக்கமான வழி. ஆர்மைக் கழற்றியதும், பழைய புஷ்ஷின் ரப்பரில் பிறை வடிவ ஓட்டைகள் இருந்தால் அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று ஆர்மில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையில் புஷ் மெத்தென்றும் மற்றதில் விறைப்பாகவும் இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள்; திருப்பிப் போட்டால் ஓட்டமே மாறிவிடும்.

பழைய புஷ்ஷைத் தீ வைத்து எரித்து எடுக்காதீர்கள். புகை நச்சு, ஆர்மின் பெயின்ட்டும் போய் அங்கிருந்தே துரு தொடங்கும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுத்தால் சில நிமிட வேலை. வெளிக்குழாய் மட்டும் மாட்டிக்கொண்டால் உள்ளிருந்து பிளேடால் கீறி மடக்கி எடுக்கலாம். ஆர்மின் துளைச் சுவரில் வெட்டு விழக் கூடாது. புதியதை அழுத்தும்போது விசை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும், ரப்பரிலோ உள்குழாயிலோ அல்ல. சுத்தியல் வேண்டவே வேண்டாம். புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்துப் போடச் சொல்வார்கள். 34 மிமீ விட்டமுள்ள இரும்புக் குழாய் 50 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.02 மிமீதான். கொஞ்சம் உதவும், பிரஸ்ஸுக்கு மாற்றாகாது. ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர்களை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும்.

பாலியூரிதேன் புஷ் எண்ணெய்க்கு அசையாது. ஆனால் அது முறுக்கிக்கொள்ளாமல் குழாயின்மேல் வழுக்கும் வகை. சிலிகான் கிரீஸ் இல்லாவிட்டால் கிரீச்சிடும், சாலை அதிர்வும் கூடும். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு ரப்பரே போதும். லேத்தில் கடைந்த நைலான் புஷ் இன்னும் விறைப்பு. அது வாங்காத அடியைப் பிராக்கெட் வாங்கும்.

இனி இறுக்குவது. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி, சில அடி முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டு, சர்வீஸ் பிட்டில் நின்று, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பிட் இல்லையென்றால் வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது ஆர்மின் சக்கரப் பக்க (பால் ஜாயின்ட்) முனையை இன்னொரு ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். முதலில் எழுதிவைத்த அளவு வந்ததும் நிறுத்தி, இறுக்குங்கள். ஸ்டாண்டிலிருந்து வண்டி எழும்பத் தொடங்கினால் அதற்குமேல் தூக்கக் கூடாது. நைலான் வளையம் வைத்த நட்டு என்றால் புதியது போடவும். நட்டு கழலாமல் செருகும் ஸ்பிளிட் பின்னும் அப்படியே.

அடுத்த நாளே வீல் அலைன்மென்ட். புதிய புஷ் ஆர்மை அதன் அசல் இடத்துக்கு இழுத்திருக்கும், தேய்ந்த புஷ்ஷுக்கேற்ப வைத்திருந்த டோ அளவு (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) இப்போது தவறு. அதைத் திருத்தாமல் ஓட்டினால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும்.