ஃபிலிம்ல படத்தை வரவைக்கிற கெமிக்கலான டெவலப்பர், பிரவுன் பாட்டில்ல வெச்சா கெடாதுன்னு யாருங்க சொன்னது?

இந்த மாசத்துல இப்படி வீணாப்போன மூணாவது ஃபிலிம் ரோல் இது. கண்ணாடி மாதிரி வெறுமையா இருந்த நெகட்டிவைத் தூக்கிட்டு ஒரு தம்பி வந்து, "ஷட்டர் போயிடுச்சு போல, கொஞ்சம் பாருங்கண்ணா"ன்னான். நான் கேமராவைத் தொடவே இல்ல, ஃபிலிம் ஓரத்தைப் பார்த்தேன். கம்பெனி பேரு, ஃபிரேம் நம்பர் எதுவுமே வரல. அதெல்லாம் ஃபேக்டரியிலயே பதிஞ்சு வர்றது. ஓரத்துல எழுத்து இருந்து நடுவுல மட்டும் காலின்னா கேமராவை சந்தேகப்படுங்க. எழுத்தும் சேர்ந்து காணோம்னா ஒண்ணு டெவலப்பருக்கு அப்புறம் ஊத்த வேண்டிய ஃபிக்ஸரை முதல்ல ஊத்தியிருப்பீங்க, இல்ல டெவலப்பர் செத்திருக்கும். அந்த ரோல்ல இருந்தது அவன் பாட்டியோட கடைசிப் படங்க, எனக்கே மனசு ஆறல.

கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான், "பிரவுன் பாட்டில்லதானே வெச்சேன், அலமாரிக்குள்ள இருட்டுலதானே இருந்துச்சு". அய்யா, பிரவுன் பாட்டில் வெளிச்சத்தைத்தான் தடுக்கும், டெவலப்பரைக் கொல்றது காத்து! ஒரு லிட்டர் கலக்கி பாதியை எடுத்துட்டு மீதியை அதே பாட்டில்ல எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ள அரை லிட்டர் காத்து இருக்கு, அதுல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன், நீங்க திறக்குற ஒவ்வொரு தடவையும் புதுக் காத்து வேற உள்ள போகுது. கோடாக் கம்பெனியோட டி-76 டெவலப்பர் பவுடரைக் கலக்கினா நிறைஞ்ச பாட்டில்ல 6 மாசம், பாதி பாட்டில்ல 2 மாசம்னு கோடாக்கே சொல்லியிருக்கு. அதே பாட்டில், அதே இருட்டு, மேல நிக்கிற காத்து மட்டும்தான் வித்தியாசம்.

ஃப்ரிட்ஜ்லயும் வைக்காதீங்க, கெமிக்கல் உப்பு உப்பா அடியில படிஞ்சிடும், அதை விட முக்கியம் வீட்ல யாராவது தெரியாம எடுத்துக் குடிச்சிட்டா என்ன பண்ணுவீங்க?

கலரை நம்பி முடிவு பண்றதையும் விடுங்க. டி-76 கெட்டா பழுப்பாகி எச்சரிக்கை குடுக்கும். எக்ஸ்டால்ங்கிற டெவலப்பர் அப்படி இல்ல, தண்ணி மாதிரியே இருந்துக்கிட்டு ஒரு நாள் சத்தமில்லாம கைவிட்டுடும். ரோடினல்ங்கிற டெவலப்பர் இதுக்கு நேர் எதிர், டிகாஷன் மாதிரி கறுத்த பிறகும் வருஷக்கணக்குல வேலை செய்யும்.

கலக்கும்போதே நுரை வர்ற மாதிரி அடிச்சுக் கலக்காதீங்க, டிஸ்டில்டு வாட்டர் எடுங்க, இரும்பு செம்பு கலந்த தண்ணி எக்ஸ்டாலை சீக்கிரம் கெடுத்துடும். கலக்கின கையோட ஒரு லிட்டரை நாலு 250 மில்லி பாட்டில்ல கழுத்து வரைக்கும் நிரப்பி மூடி, தேதி எழுதி ஒட்டுங்க. கண்ணாடி பாட்டில் நல்லது, கூல்டிரிங்க்ஸ் வர்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலும் சரி. அமுக்கினா நசுங்குற பால்வெள்ளை பிளாஸ்டிக் வேண்டாம், அதோட சுவர் வழியாவே ஆக்சிஜன் ஊடுருவும், ஆர்மோனியப் பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பா விக்கிற பாட்டில்களும் பெரும்பாலும் இதே ரகம்தான். மீதி குறைஞ்சா கோலிக்குண்டு போட்டு மட்டத்தை ஏத்துங்க. தண்ணி சேர்த்து ஒரு தடவை யூஸ் பண்ணதைத் திரும்ப, கலக்கி வெச்சிருக்கிற ஸ்டாக் பாட்டில்ல ஊத்தினா, அப்புறம் என்கிட்ட வராதீங்க!

கடைசியா ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்குறேன். ரோலை டேங்க்ல போடுறதுக்கு முன்னாடி வெட்டி எறியிற, ரோலுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற ஃபிலிம் நாக்கு இருக்குல்ல, அதுல ஒரு துண்டை லைட்டைப் போட்டுக்கிட்டே டெவலப்பர்ல முக்குங்க. நீங்க டெவலப் பண்ற நேரத்துக்குள்ள அது கன்னங்கரேல்னு ஆகணும். வெளுத்தே கிடந்தா ரோலைத் தொடாதீங்க, புதுசா கலக்குங்க. அந்தத் தம்பி கிட்ட "நாக்கை என்னப்பா பண்ணே"ன்னு கேட்டேன், குப்பையில போட்டுட்டேன்னான்.