நெல்லைக்கு எதுகை தேடுவது எப்படி?

எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் திருவிழாவான கொடை என்றால் வில்லுப்பாட்டு கட்டாயம் உண்டு. ஒரு கொடையில், பாட்டின் நடுவே யாரோ நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுக்க, வில்லடித்துப் பாடும் அண்ணாவி அந்த ஆளின் பெயரை வைத்தே அடுத்த இரண்டு வரியைக் கட்டிவிட்டார். வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் ஒரு அடிகூடத் தப்பவில்லை. விடியக்காலம் காபி குடிக்கும்போது, "எப்படி அண்ணாச்சி, சொல்லு அவ்வளவு சீக்கிரம் வந்து விழுது?" என்று கேட்டேன். "மொத எழுத்து எதுவா வேணாலும் இருந்துட்டுப் போகுது தம்பி. ரெண்டாம் எழுத்த மட்டும் விட்டுராத" என்றார்.

அவர் சொன்னதுதான் எதுகை. முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, அதை விட்டு இரண்டாவது ஒத்து வந்தால் எதுகை என்று தொல்காப்பியமும் இதையே சொல்கிறது. கூடவே ஒரு நிபந்தனை. முதல் எழுத்து மாறலாம், அதன் அளவு மாறக்கூடாது. பட்டு, கட்டு சேரும். பாட்டு, காட்டு சேரும். பட்டும் பாட்டும் சேராது. ஒலிக்கும் நேரத்தின் அளவுதான் மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த ஒரு மாத்திரை வித்தியாசத்தில் வில்லில் கோல் விழுகிற இடமே தள்ளிப் போய்விடும்.

சரி, ஒலியொப்பை ஏன் சொல்லின் தலையில் தேட வேண்டும்? சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு வரியின் கடைசிதான் முதலில் காதில் விழும். அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழில் வால் ஒத்துப்போவது மிக எளிது. வந்தான், நின்றான், சிரித்தான். வீட்டிலே, ஆற்றிலே, தோப்பிலே. இங்கே ஒலியை ஒத்துவரச் செய்தது பாட்டுக் கட்டியவர் இல்லை, இலக்கணம். தமிழில் வேர்ச்சொல் முன்னால் நிற்கும், விகுதியும் வேற்றுமை உருபும் பின்னால் வந்து ஒட்டும். அதனால் ஆயிரக்கணக்கான சொற்களுக்கு ஒரே வால்.

ஒலியும் முன்பக்கம்தான் திடமாக இருக்கிறது. 'பாட்டு' என்பதன் கடைசி உகரத்தை நாம் முழுசாகச் சொல்வதில்லை. அது அரை மாத்திரைக் குற்றியலுகரம். இரண்டு மாத்திரை உள்ள ஐகாரம் 'நெல்லை'யின் கடைசியில் ஒன்றாகக் குறுகிவிடுகிறது. வாய் சோர்ந்து முடிகிற இடத்தைவிட, அழுத்திப் பிடிக்கிற இடத்தில் ஒலி ஒத்துவந்தால் காது உடனே கண்டுகொள்ளும்.

இனி 'நெல்லை'க்கே எதுகை தேடிப் பார்ப்போம். முதல் எழுத்து குறிலாக வேண்டும். குறில் உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. இவை தனியாக வரலாம். க, ச, த, ந, ப, ம, வ ஆகிய ஏழு மெய்களோடு சேர்ந்தும் வரலாம். ஞ, ய போன்றவற்றில் தொடங்கும் சொற்கள் கொஞ்சம்தான், அவற்றை விட்டுவிடலாம். ஆக, எட்டு ஐந்து நாற்பது கட்டம்; சொல்லின் முதலில் வராத வு, வொ இரண்டும் போக முப்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் 'ல்லை' சேர்த்து வாயால் சொல்லிப் பார்த்தால் போதும். இல்லை, எல்லை, கல்லை, கொல்லை, சொல்லை, தில்லை, தொல்லை, பல்லை, பில்லை, புல்லை, முல்லை, வில்லை. ஐந்தே நிமிஷத்தில் 12 சொல். இன்னும் வேண்டுமா? இரண்டாம் எழுத்தான 'ல்' மட்டும் ஒத்தாலே எதுகை என்பதால் வெல்லம், கல்வி, செல்வம் எல்லாம் உள்ளே வரும்.

இடையில் ய், ர், ல், ழ் என்ற ஒற்றுகளில் ஒன்று புகுந்தாலும் பாதகமில்லை. 'நாக்கு' என்பதற்கு 'பார்க்கும்' எதுகையாகும். அந்த ஒற்றுகள் வழுக்கிக்கொண்டு போகும், காது அடுத்த 'க்'கைத்தான் பிடிக்கும். இதை ஆசிடை எதுகை என்பார்கள்.

இந்தத் தேடலுக்கு ஏற்றபடி அகராதியே செய்திருக்கிறார்கள். இத்தாலியிலிருந்து வந்து நம் காமநாயக்கன்பட்டியில் சில காலம் பணி செய்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். அதன் நான்கு பகுதிகளில் ஒன்றான தொடையகராதி, எதுகைச் சொற்களுக்காகவே அமைந்தது. அதற்கும் முந்திய, செய்யுளில் அமைந்த சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதியும் ககர எதுகை, ஙகர எதுகை என்றே அடுக்கப்பட்டிருக்கும். இன்றைக்குக் கணினியில் தேடுவதென்றால் முதலில் அதற்கு எழுத்தைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நமக்கு 'கொல்லை' மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறியீடு. அதைக் கவனிக்காமல் "இரண்டாவது" என்று கேட்டால் ஒகரக் குறிதான் வந்து நிற்கும்.

மோனைக்கு வருவோம். இங்கே அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை, இன எழுத்தும் வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒன்று. உ, ஊ, ஒ, ஓ ஒன்று. உ, ஒ இரண்டுக்கும் உதடு குவிகிறது. இ, எ இரண்டுக்கும் நாக்கின் முன்பக்கம் எழும்புகிறது. மெய்யில் ச-த, ஞ-ந, ம-வ என்பவை ஜோடிகள். ம, வ இரண்டையும் சொல்லிப் பாருங்கள், வேலை செய்வது கீழுதடு.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க, தென்காசிப் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரிடம் போக வேண்டும். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் சொல்லும் பாட்டு. அடிகள் தொடங்கும் சொற்கள்: வானரங்கள், கானவர்கள், தேனருவி, கூனல். நான்கிலும் முதலில் நெடில், அடுத்து ன. அதே அடிகளின் பின்பாதி தொடங்குவது: மந்தி, கமனசித்தர், செங்கதிரோன், குற்றாலம். வானரங்களுக்கு மந்தி, ம-வ ஜோடி. தேனருவிக்குச் செங்கதிரோன், ச-த ஜோடி. ஏ, எ ஒரே குடும்பம்.

வரியின் முடிவையும் அவர் சும்மா விடவில்லை. கொஞ்சும், கெஞ்சும், ஒழுகும், வழுகும். 'உம்' என்ற விகுதி தானாகவே ஒத்து வந்திருக்கும். அதோடு நிற்காமல் 'ஞ்சும்', 'ழுகும்' என்று வேர்ச்சொல்லையும் சேர்த்தே இழுத்து வந்திருக்கிறார்.