வில்லோ: நடுவது சுலபம், இடம் பார்ப்பதுதான் பாடு

முருங்கைப் போத்து நட்டுப் பழகியவர்களுக்கு வீப்பிங் வில்லோ, அதாவது கிளைகள் தரையை நோக்கித் தொங்கும் வில்லோ மரம், நடுவது ஒரு வேலையே இல்லை. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிய பிறகு, பென்சில் தடிமனில் ஒரு அடிக் குச்சியை வெட்டி, முக்கால்வாசியை ஈர மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். வசந்தம் வந்ததும் துளிர்த்துவிடும். தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் வைத்தாலும் போதும், கொஞ்ச நாளில் பட்டையைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக வேர்முனைகள் எட்டிப் பார்க்கும்.

பல மரங்களின் குச்சி, வெட்டுப்பட்ட பிறகுதான் வேர் உண்டாக்கவே தொடங்கும், அதற்குள் பாதி அழுகிவிடும். வில்லோவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மரத்தில் இருக்கும்போதே பட்டைக்கடியில், கணுக்களை ஒட்டி வேர்க்கருக்கள் உருவாகித் தூங்கிக் கிடக்கின்றன. ஈரம் பட்டதும் எழுந்துகொள்கின்றன. சரி, குச்சியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால்? 1870களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மான் ஃபெஹ்டிங் இதைச் செய்தே பார்த்தார். ஈரக் காற்றில் எப்படித் தொங்கவிட்டாலும், மரத்தில் எது அடிப்பக்கமாக இருந்ததோ அங்கேதான் வேர் அதிகம் வந்தது. வேர்விடத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன், செல்லுக்குச் செல் நுனியிலிருந்து அடியை நோக்கியே கடத்தப்படுகிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி.

நட்ட முதல் வருஷம் மண் காயக்கூடாது, சுற்றிலும் புல் அண்டக்கூடாது. கிளைகள் மெலிசாக, வேகமாக நீண்டு, தன் எடையைத் தாங்க முடியாமல் தொங்கும் ரகம் என்பதால், நடுத்தண்டை ஒரு கழியோடு கட்டி வேண்டிய உயரம் வரை நிமிர்த்திக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தரையிலேயே படர்ந்துவிடும். ஈரமான வசந்தத்தில் இலையில் கறும்புள்ளி விழுந்து உதிரும், அது பூஞ்சை. உதிர்ந்ததைப் பெருக்கி அப்புறப்படுத்துங்கள்.

இனிதான் வில்லங்கம். இந்த மரம் தண்ணீரை அப்படி உறிஞ்சும். வேர் கழிவுநீர்க் குழாயை மோப்பம் பிடித்துப் போய் உடைக்கிறது என்பார்கள், அது முழு உண்மையில்லை. ஏற்கெனவே கசியும் மூட்டுப் பக்கம் மண் ஈரமாக இருக்கும், அங்கே வேர் செழிக்கும், மயிரிழை அளவு இடைவெளி கிடைத்தால் நுழைந்து உள்ளேயே பருத்து அடைத்துக்கொள்ளும். இதைவிட மோசம் லண்டன் பக்கத்துக் களிமண். மரம் நீரை இழுக்க இழுக்கக் களிமண் சுருங்கும், மேலே இருக்கும் அஸ்திவாரம் இறங்கிச் சுவர் விரிசல் விடும். 1976 வறட்சியில் இப்படி ஏராளமான வீடுகள் அடிவாங்கின. வில்லோவுக்கும் வீட்டுக்கும் 40 மீட்டர் இடைவெளி என்று அங்கே சொல்வது மிகையாகத் தோன்றலாம், ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்த மரமும் சேதம் செய்ததாகப் பதிவு உண்டு.

பயந்துபோய் வளர்ந்த மரத்தை ஒரே வெட்டாக வெட்டினால் இன்னொரு தலைவலி: உறிஞ்ச ஆளில்லாமல் களிமண் மறுபடி ஊறி உப்பி அஸ்திவாரத்தை மேலே தள்ளும். அதனால் வெட்டுவதற்கு முன்பே விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சின்னத் தோட்டக்காரர்கள் கில்மார்னக் வில்லோ பக்கம் போகலாம்: நேரான தண்டின் உச்சியில் ஒட்டுக்கட்டிய தொங்கு ரகம், ஆள் உயரத்துக்குமேல் அதிகம் போகாது.