நூறு டன் விற்கும் கடை நாற்பது டன் கேட்டால்

நாற்பதடிக் கம்பிகளைப் பாதியில் மடித்து, வால் ரோட்டில் உரசிக்கொண்டே வர, நுனியில் ஒரு சிவப்புத் துணியோடு போகும் மீன்பாடி வண்டியை (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) சென்னையில் பார்க்காதவர் இருக்க முடியாது. அதில் 12 மி.மீ. கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். (12ஐ 12ஆல் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். கம்பி கட்டுகிறவர்களுக்கு இது மனக்கணக்கு.)

இன்னொரு கணக்கும் உண்டு. சென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் மாதம் 100 டன் விற்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எப்போதும் இரண்டு மாதச் சரக்கு, அதாவது 200 டன், கையிருப்பில் இருக்கும். மந்தம் வந்து விற்பனை 80 ஆகிறது. இனி 160 டன் இருப்பே போதும். மிச்சம் 40ஐ விற்றுத் தள்ளலாம். ஆகவே 80இல் அந்த 40 போக, ஆலைக்குப் போகும் ஆர்டர் வெறும் 40 டன். கடையில் விழுந்தது ஐந்தில் ஒரு பங்கு, ஆலையில் விழுந்ததோ பாதிக்கும் மேல்!

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் மின் உலை என்றால் நிறுத்திவைக்கலாம். பிலாய், விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைக்கு அந்தச் சுகம் கிடையாது. உள்ளே சுமார் 1,500 டிகிரியில் இருக்கும் இரும்புக் குழம்பு உறைந்துவிட்டால், வெட்டி எடுப்பதே பெரும்பாடு. காற்றைக் குறைத்து எப்படியோ ஓட்டுவார்கள். சரக்கு குவியும், விலை சரியும்.

உலக நிதி நெருக்கடியால் வந்த மந்தத்தைச் சமாளிக்க, 2008 டிசம்பரில் மத்திய அரசு ஊக்கத் திட்டமாகக் கலால் வரியில் 4 சதவீதப் புள்ளிகளைக் குறைத்தது. 2009 பிப்ரவரியில் இன்னும் 2. வரி குறைந்தால் ரேட் இறங்கும், சரிதான். ஆனால் வீடு கட்டுகிறவரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மலிவான கம்பியை யார் வாங்குவது? என் பார்வையில், கம்பியை நிஜமாக நகர்த்துவது பாலமும் ரயில் பாதையும்தான். அதுவும் அறிவித்த மறுநாளே நகராது. டெண்டர், மண் பரிசோதனை எல்லாம் முடிந்து பைல் (அஸ்திவாரத் தூண்) இறக்க வேண்டும். 45 கி.மீ. மெட்ரோவுக்குச் சென்னையில் வேலை தொடங்கியதும் 2009இல்தான். அது ஊக்கத் திட்டத்தில் பிறந்ததல்ல, பழைய திட்டம். நேரம் பொருந்தி வந்தது.

வேலை வருகிறது என்று தெரிந்தாலே கடைக்காரர் சரக்கு ஏற்ற ஆரம்பிப்பார். விற்பனை மறுபடி 100 ஆனால், இருப்பை நிரப்ப வேண்டிய 40ஐயும் சேர்த்து ஆர்டர் 140! ஆலையில் பட்டாசு வெடிப்பார்கள். இருப்பு நிரம்பியதும் ஆர்டர் பழைய 100க்கே திரும்பிவிடும்.

அந்த 140ஐ நம்பிப் புது உலை கட்டினால்தான் வம்பு. அதே நெருக்கடிக்காக 2008 நவம்பரில் சீனா 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது; உலைகள் பெருகின. உள்ளூரில் கட்டுமானம் தளர்ந்தபோது உருக்கு கப்பலேறியது: 2015இல் மட்டும் 11 கோடி டன்னுக்கு மேல். அந்தச் செப்டம்பரில் இந்தியா, சூடாக உருட்டிய தகட்டுச் சுருள்களுக்கு உள்நாட்டு ஆலைகளைக் காக்க 20 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது. அதுவும் போதாமல், 2016 பிப்ரவரியில் இறக்குமதிக்குக் குறைந்தபட்ச விலையும் வைத்தது.