ஒரே அடியில் எழாத உருவம்

அமெரிக்காவின் 20 டாலர் தங்க நாணயம் 34 மில்லிமீட்டர் அகலம், 33.4 கிராம் எடை. நம் கணக்கில் நான்கு பவுனுக்குச் சற்று மேல். 1907இல் பிலடெல்பியா நாணயச்சாலை அதற்காக அடித்துப் பார்த்த மிகப் புடைப்பான மாதிரிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 20தான். அந்நாட்டு நாணயங்களில் இவற்றுக்கு ஈடான அழகு வேறில்லை என்பது என் துணிபு.

பண்டைய கிரேக்கக் காசுகளைப் போல உருவம் எழுந்து நிற்க வேண்டும் என்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆசைப்பட்டார். தீப்பந்தமும் ஒலிவக் கிளையும் ஏந்தி நடந்து வரும் சுதந்திர தேவியைச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்தார். அந்த உருவத்தைத் தங்கத்தில் கொண்டுவருவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

புழக்கத்துக்கான நாணயத்துக்கு ஒரே அடி போதும். இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே நசுங்கும் வில்லையின் உலோகம் பிசைந்த மாவைப் போல நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் நகர வேண்டிய உலோகமும் அதிகம். ஆனால் தங்கம் பாதி வழியிலேயே முரண்டு பிடிக்கும். அணு அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்குவதால்தான் உலோகம் வளைகிறது. அப்படி வழுக்க உதவும் படிகக் குறைகள் ஒவ்வோர் அடியிலும் பெருகி, நூல் சிக்கு விழுவதுபோல் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்கின்றன. உலோகம் இறுகிவிடுகிறது. அதற்கு மேலும் ஓங்கி அடித்தால் அச்சுதான் விரிசல் விடும்.

பொற்கொல்லர் கம்பி தட்டும்போது இடையிடையே தணலில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பிலடெல்பியாவில் செய்ததும் அதுவே. பதக்கங்கள் அடிக்கும் நீரழுத்த எந்திரத்தில் ஓர் அடி. பிறகு வில்லையை வெளியே எடுத்துச் செந்தணலாகக் காய்ச்சுவார்கள். சூட்டில் அணுக்கள் தம்மைத் திருத்திக்கொண்டு புதிய படிகங்களாக அமைய, தங்கம் மீண்டும் இளகும். அதில் பத்தில் ஒரு பங்கு செம்பு. மேற்பரப்பில் இருக்கும் செம்பு சூட்டில் கருக்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் முக்கினால் அந்தக் கருப்பு கரைந்து, மேலே ஏறக்குறைய சொக்கத் தங்கத் தோல் மட்டும் மிஞ்சும். மறுபடி அதே அச்சில், இம்மியும் பிசகாமல் பொருத்தி அடுத்த அடி. தேவியின் முழங்காலும் மார்பும் முழுதாக எழ ஏழு, ஒன்பது அடிகள்கூடத் தேவைப்பட்டன. அந்த மாதிரிகளின் பட்டுப்போன்ற மஞ்சள் மினுக்கம் இப்படி வந்ததே.

இப்படி ஊருக்கெல்லாம் நாணயம் அடிக்க முடியுமா? புடைப்பைக் குறைத்து, மூன்று அடியில் முடியும்படி சுமார் 12,000 நாணயங்களை அடித்தார்கள். அவையும் வங்கி மேசையில் ஒழுங்காக அடுக்கி நிற்கவில்லை. கடைசியில் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் உருவத்தைத் தட்டையாக்கி ஒரே அடிக்குக் கொண்டுவந்தார். ஆகஸ்டிலேயே இறந்துவிட்ட சிற்பி அதைப் பார்க்கவில்லை.